ஒப்பந்தப் பணியின் முதல் ஆண்டு: கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

மாதச் சம்பளத்தை விட்டு ஒப்பந்த அடிப்படையில் தனியாகப் பணிபுரியத் தொடங்குபவரிடம், அதுவரை அலுவலகம் கவனித்துவந்த வேலைகள் அனைத்தும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பது, இன்வாய்ஸ் அனுப்புவது, வராத பணத்தைக் கேட்பது, ரசீதுகளைச் சேர்த்துவைப்பது, வரிக்கணக்கைத் தாக்கல் செய்வது என எதையும் தள்ளிப்போட முடியாது. இவற்றைத் தாமே விரிதாளில் (எக்செல் போன்ற அட்டவணையில்) எழுதிக்கொள்ளலாம், கணக்கு மென்பொருளுக்குச் சந்தா கட்டலாம், கணக்காளரை அமர்த்தலாம், அல்லது நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நின்று சம்பளம் தரும் ஓர் இடைநிலை நிறுவனத்தின் ஊழியராகச் சேர்ந்து முழுவதையும் அதனிடம் விட்டுவிடலாம்.

பெரும்பாலோர் விரிதாளில்தான் தொடங்குகின்றனர். இன்வாய்ஸ் எண், அனுப்பிய நாள், கெடு நாள், தொகை, வரி, பணம் வந்த நாள் ஆகிய ஆறு பத்திகளே ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களை வைத்திருப்பவருக்குப் போதும். ஆனால் நம் தவறைத் தடுத்து நிறுத்த அதில் எதுவுமில்லை. நான் தொடங்கிய ஆண்டில், பழைய இன்வாய்ஸை நகலெடுத்துத் தேதியையும் தொகையையும் திருத்திவிட்டு, எண்ணை மாற்ற மறந்து அனுப்பிவிட்டேன். ஒரே எண்ணில் இரண்டு வந்ததால், இரண்டாவதை முதலாவதன் பிரதி என்று கருதி வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு ஒதுக்கிவைத்துவிட்டது. 30 நாள் கெடு முடிந்து நான் விசாரித்த பிறகே விஷயம் தெரிந்தது. திருத்தி அனுப்பியதும் கெடு மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

மென்பொருளில் இந்தத் தவறு நேர்வது அரிது. எண்ணை அதுவே இடும், கெடு தாண்டினால் நினைவூட்டலும் அனுப்பும். வேலையில்லாத மாதத்திலும் சந்தா கட்ட வேண்டும் என்பதையும், விலகும்போது நம் பதிவுகளை முழுமையாகத் தரவிறக்க முடியுமா என்பதையும் சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்காளருக்குக் கொடுக்கும் கட்டணம் கூட்டல் கழித்தலுக்கானது என்று எண்ணுவது சரியல்ல. எந்தச் செலவை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம், தனிநபராக இயங்குவதா நிறுவனம் பதிவு செய்வதா என்ற கேள்விகளில்தான் அவருடைய அறிவு பயன்படுகிறது; இரண்டாவதைப் பிறகு மாற்றுவது செலவும் அலைச்சலும் மிக்கது என்பதால், அதை முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. எனினும் அவர் தயாரித்த கணக்கில் பிழையிருந்தால், வரித்துறைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு பொதுவாக நம்முடையதே. அவருக்குத் தர வேண்டிய ரசீதுகளையும் நாம்தான் காக்க வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் அச்சிடப்படுபவை. சூடும் வெளிச்சமும் பட்ட சில மாதங்களில் அவை வெற்றுத் தாளாகிவிடக்கூடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவைத்தால்தான் அந்தச் செலவுக்குச் சான்று மிஞ்சும்.

இடைநிலை நிறுவனத்தில் சேர்ந்தால் வேலை நேரத்தைப் பதிந்து அனுப்புவது மட்டுமே நம் வேலை. வாடிக்கையாளரிடம் பணம் பெற்று, வரி பிடித்து, சம்பளமாக அது தந்துவிடும். ஒரே வாடிக்கையாளரிடம் சில மாதங்களே பணிபுரியப் போகிறவருக்கு இது உண்மையிலேயே நிம்மதி. ஆனால் பேசிய ஊதியம் அப்படியே கைக்கு வராது. நிறுவனத்தின் கட்டணமும், பல இடங்களில் முதலாளி செலுத்த வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும்கூட, அதே தொகையிலிருந்துதான் போகின்றன. ஆகவே மாதிரிச் சம்பளச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

ஓராண்டுக்கு மேல் இத்தொழிலில் இருக்க எண்ணுபவருக்கு என் பரிந்துரை, அன்றாடப் பதிவைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, தொடங்கும் முன் ஒருமுறையும் தாக்கலுக்கு முன் ஒருமுறையும் கணக்காளரிடம் செல்வதே. எந்தப் பணம் எப்போது வரும், அதில் எவ்வளவு வரிக்குப் போகும் என்பது தாமே எழுதுபவருக்கு மனத்தில் பதிந்துவிடுகிறது. தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு திறந்து, பணம் வந்த அன்றே வரிக்கான பங்கை ஒதுக்கிவிட வேண்டும். நிலுவையில் உள்ள இன்வாய்ஸ்களை விரிதாளைத் திறக்காமல் சொல்ல முடியாத அளவுக்கு வாடிக்கையாளர்கள் பெருகும்போது மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம்.