மாணவர் கலை நிதி: கேட்டுப் பெற்ற ஒருவரின் மதிப்பீடு

கொழும்பிலுள்ள எமது பல்கலைக்கழகத்தில், ஆண்டுப் பதிவின்போது மாணவரிடம் அறவிடப்படும் சிறு தொகையைக் கொண்டு, மாணவரே தெரிவுசெய்யும் குழுவொன்று பல்லினக் கலை நிகழ்வுகளுக்கு நிதி வழங்கிவருகிறது. சென்ற தவணையில் எமது நாடக அணி பெரும்பாலும் இதிகாசப் போர்க்கதைகளை ஆடும் கூத்து வகையான வடமோடிக் கூத்தொன்றை மேடையேற்றுவதற்காக இந்நிதியை நாடியது. விண்ணப்பம் கொடுத்த நாள் முதல் கடைசிப் பற்றுச்சீட்டு ஏற்கப்பட்ட நாள் வரை அணியின் கணக்கைப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு, அடுத்த முறை விண்ணப்பிக்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன்.

அனுசரணையாளர்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்நிதியின் அருமை உடனே விளங்கும். மேடையின் பின்திரையில் எவருடைய இலச்சினையும் தொங்க வேண்டியதில்லை. தொடக்க உரைக்கு எந்த முகாமையாளரையும் அழைக்க வேண்டியதில்லை. நாம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா கேட்டோம். ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கிடைத்தது. எந்த உருப்படியில் எவ்வளவு குறைக்கப்பட்டது, ஏன் குறைக்கப்பட்டது, யார் எப்படி வாக்களித்தார் என்பவை மூன்றாம் நாளே அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருந்தன. குறைத்ததில் எமக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் இருக்கவில்லை.

நேர்காணலில் நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கூத்தில் வரும் போர் எந்தப் போரைக் குறிக்கிறது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வியில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் எங்கள் பக்கத்தில் ஒரு கணம் எல்லோரும் வாய் மூடியிருந்தோம். தலைவர் இடையிட்டு, கதையைத் தீர்ப்பது குழுவின் வேலையில்லை, செலவைப் பார்ப்பதே வேலை என்று சிங்களத்திலும் பிறகு தட்டுத்தடுமாறித் தமிழிலும் சொன்னார். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக மாணவர் சிலர், தாம் உடன்படாத அமைப்புகளுக்குத் தமது கட்டணம் போவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், கருத்துச் சார்பின்றிப் பகிரப்படுமாயின் அத்தகைய கட்டணத்தை அறவிடலாம் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அந்த ஒழுங்கை இங்கே ஒரு மாணவர் தன் நிதானத்தால் காப்பாற்றினார். நிதியின் விதிக்கோவையில் அது எழுத்தில் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

இனிக் குறைகள். பணம் செலவழித்த பின்னரே மீளளிக்கப்படும், முற்பணம் கிடையாது. அதனால் கையில் காசுள்ள அணிகளுக்கே இந்நிதி எளிதாகிறது. ஐயாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் மூன்று விலைமனுக்கள் வேண்டும் என்பது மற்றொரு விதி. ஒளியமைப்புக்கு மூன்று பெறலாம். மட்டக்களப்பிலிருந்து வந்து ஆட்டமும் பாட்டும் பழக்கும் அண்ணாவியாருக்கு மூன்று விலைமனுக்களை எங்கே பெறுவது? எமது சிரேஷ்ட பொருளாளரான விரிவுரையாளர் தனிக்கடிதம் எழுதிய பின்பே அது தீர்ந்தது. அண்ணாவியாருடைய பயணச் செலவு தீரவேயில்லை. உதயதேவி ரயிலில் வந்து கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியவரின் பயணச்சீட்டை வாயிலில் நின்ற உத்தியோகத்தர் வழக்கம்போல வாங்கிக்கொண்டுவிட்டார். சீட்டில்லாமல் பணமில்லை என்று நிதிக்குழு சொல்லிவிட்டது. நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம்.

என் பெரிய மனக்குறை ‘பல்லினம்’ என்பதற்கு இக்குழு கொண்டுள்ள அளவுகோலைப் பற்றியது. மேடையில் எத்தனை சமூகங்களின் கலை இடம்பெறுகிறது என்று எண்ணிப் புள்ளியிடுகிறார்கள். ஒரே மாலையில் கண்டிய நடனமும் பரதமும் றபான் இசையும் பைலாவும் அடுத்தடுத்து வந்தால் முழுப் புள்ளி. அந்த நான்கு குழுவினரும் ஒருவரையொருவர் முதன்முறை காண்பது பெரும்பாலும் ஒப்பனை அறையில்தான். கூத்து ஒன்றையே ஆடிய எமக்கு அந்தப் பகுதியில் கிடைத்தது பாதிப் புள்ளி.

எமது பிற்பாட்டுக் குழுவிலோ மாத்தறையைச் சேர்ந்த மாணவி ஒருவர் இருந்தார். கூத்துப் பாடல்களான தருக்களை எல்லாம் சிங்கள எழுத்தில் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதிவைத்துப் பாடினார். ழகரத்துக்குச் சிங்களத்தில் எழுத்தில்லை; அது வரும் இடமெல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளியிட்டிருந்தார். அண்ணாவியார் ஒவ்வொரு மாலையும் அந்தச் சிவப்புப் புள்ளிகளையே குறிவைத்துத் திருத்துவார். ஆறு வாரங்கள் நடந்த இந்த வேலைக்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. ஒத்திகைக்கால உணவும் போக்குவரத்தும் ‘நிகழ்வுச் செலவு’ ஆகாவாம்.

ஆனால் இந்நாட்டுப் பல்கலைக்கழக அரங்கின் வரலாறு ஒத்திகையில் விளைந்தது. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர உருவாக்கி 1956இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றிய ‘மனமே’, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம என்ற சிங்கள நாட்டார் அரங்க மரபிலிருந்து எடுத்துக்கொண்டது ஏராளம். அதே பேராதனை வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். எண்ணிப் புள்ளியிடும் குழுவொன்றின் முன் இவ்விரண்டும் பாதிப் புள்ளியே பெற்றிருக்கும் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது.

ஒரு செலவை மட்டும் குழு கேள்வியின்றி முழுதாக ஏற்றது: பாடல்களின் சிங்கள மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டுவதற்கான புரொஜெக்டர் வாடகை. கிடைத்த பணத்தில் மிக நன்றாகச் செலவானது அதுதான். பின்வரிசையில் சிங்கள மாணவர்கள் கட்டியகாரனின் பகிடிக்கு, வாசிக்க எடுத்த நேரம் மட்டும் பிந்திச் சிரித்தது மேடை வரை கேட்டது.

விண்ணப்பிப்போர் படிவத்தை இரு மாதங்களுக்கு முன்பே கொடுங்கள். படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு, பதில்களை எந்த மொழியிலும் எழுதலாம். வெளியூர்க் கலைஞருக்கு ஆசனப் பதிவுச் சீட்டின் பிரதியை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். ஒத்திகைச் செலவையும் ஏற்கும்படி மூன்று கலை அணிகள் சேர்ந்து கொடுத்த கோரிக்கை, அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் நான்காவதாக இருக்கிறது.