அஜந்தா வழியில் வாங்கிய ஊதாக்கல்: வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்ற டிசம்பர் விடுமுறையில் குடும்பத்துடன் அஜந்தா, எல்லோரா பார்க்கப் போயிருந்தபோது, அஜந்தாவுக்குப் போகும் வழியில் ஒரு கல் கடையில் 5,100 ரூபாய் கொடுத்து ஏமாந்து வந்தேன். உள்ளே ஊதாப் படிகங்கள் மின்ன, இரண்டாகப் பிளந்து வைத்திருந்த உருண்டைக்கல் ஒன்று 2,400 ரூபாய். மெருகேற்றிய நீல அகேட் (வரிவரியான கல்) வில்லைகள் நான்கு 900 ரூபாய். சிட்ரின் என்னும் மஞ்சள் ரத்தினக்கல் என்று சொல்லிக் கொடுத்த படிகக் கொத்து ஒன்று 1,800 ரூபாய். 17 ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்புக்குத் தக்காணப் பீடபூமியின் எரிமலைக் குழம்பைப் பற்றிப் பாடம் நடத்தி வரும் புவியியல் ஆசிரியை நான் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "அக்கா, இது எரிமலை நெருப்புல உருகி வந்த கலர். குகைக்கு மேல மலையில எடுத்தது. அம்பது லட்சம் வருஷத்துப் பழசு" என்றார். அவர் சொன்ன மூன்றுமே பொய். நான் பாடமாக நடத்துவதைக் கொண்டே அந்த இடத்தில் மூன்றையும் மறுத்திருக்கலாம். ஆனால் அந்த ஊதா நிறம் கண்ணைப் பறித்ததால் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தூசி படிந்திருந்த உருண்டைக்கல்லை ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் வைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் நாவல்பழம் கழுவியது போல ஆகிவிட்டது. மறுநாள் அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். "டீச்சர், அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள்" என்றார் எங்கள் வேதியியல் ஆசிரியர். நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் அந்தத் திரவம் பட்டதும் பஞ்சு ரோஜா நிறமாயிற்று. பத்து மடங்கு பெருக்கும் லென்சில் பார்த்தபோது, படிகங்களின் விரிசல்களிலும் ஒரு படிகம் இன்னொன்றைத் தொடும் இடுக்குகளிலும் நிறம் கோடு கோடாகத் தேங்கியிருந்ததும், நுனிகள் வெறும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததும் தெரிந்தன. வெளிப்புறக் கரும்பாறை ஓடு என்று நான் நினைத்திருந்தது நகத்தால் கீறியதும் உதிர்ந்தது. அது சாயம் கலந்த சிமென்ட் பூச்சு.

இந்தக் கற்கள் பாறைக்குள் எப்படி உருவாகின்றன என்பது தெரிந்தால், போலியில் நிறம் எந்த இடத்தில் தவறாக இருக்கிறது என்பது தானாகப் புலப்படும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அஜந்தா குகைகள் குடையப்பட்ட பாறை பசால்ட் எனப்படும் எரிமலைப் பாறை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து பரவிய எரிமலைக் குழம்பு உறைந்ததால் உண்டான இந்தப் பாறை, இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. 1,100 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் குழம்பு தரைக்கு வரும்போது, அதில் கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் சோடா பாட்டிலைத் திறந்தாற்போலக் குமிழிட்டு மேலே எழும்புகின்றன. மேற்பரப்பு அதற்குள் இறுகிவிடுவதால் குமிழிகள் வெளியேற வழியில்லாமல் அங்கேயே சிக்கிக்கொள்ள, குழம்பு பாறையாகும்போது அவை வெற்றுக் குழிகளாக நிற்கின்றன. பட்டாணி அளவிலும் உண்டு, பானை அளவிலும் உண்டு. இதுவரைதான் நெருப்பின் வேலை, இந்தக் கட்டத்தில் அகேட்டும் கிடையாது, செவ்வந்திக்கல்லும் (அமெதிஸ்ட் என்னும் ஊதாக்கல்) கிடையாது.

பாறை ஆறிய பிறகு தண்ணீரின் வேலை தொடங்குகிறது. வெடிப்புகள் வழியே ஊறி இறங்கும் நீர், பாறையிலுள்ள எரிமலைக் கண்ணாடியிலிருந்தும் சிதைந்த கனிமங்களிலிருந்தும் மணலின் முக்கியக் கூறான சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து இந்தக் குழிகளின் சுவரில் மெல்ல மெல்லப் படியவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாகப் படிந்தால் அது கால்செடனி; அது வரிவரியாக அமைந்தால் அகேட். சுவரை ஒட்டிய வரி மூத்தது, உள்நோக்கிச் செல்லச் செல்ல இளையது. நீரில் சிலிக்காவின் செறிவு குறைந்த பின்னர் வளர்ச்சி நிதானமாகி, கண்ணுக்குத் தெரியும் குவார்ட்ஸ் (சிலிக்காவின் படிக வடிவம்) படிகங்கள் குழியின் நடுவை நோக்கி நீள்கின்றன. அந்த நீரில் மிகச் சிறிதளவு இரும்பும் இருந்தால், படிகத்தில் சிலிக்கான் இருக்க வேண்டிய சில இடங்களில் இரும்பு அமர்ந்துகொள்ளும். பின்னர் சுற்றியுள்ள பாறையின் பொட்டாசியம் போன்றவற்றிலிருந்து வரும் இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டுப்பட்டு அந்த இரும்பின் எலக்ட்ரான் நிலையை மாற்றும்போதுதான் ஊதா நிறம் பிறக்கிறது.

ஆகவே மெய்யான செவ்வந்திக்கல்லில் நிறம் படிகத்தின் உடம்புக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் கடைசியாக வளர்ந்த நுனிப்பகுதியில் ஊதா அடர்ந்தும், சுவரை ஒட்டிய அடிப்பகுதி வெளிறியும் காணப்படும். நான் வாங்கி வந்ததில் எல்லாம் தலைகீழ்: அடியிலும் இடுக்கிலும் சாயம், நுனியில் ஒன்றுமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறத்தாழ 400 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் செவ்வந்திக்கல்லின் ஊதா அழிந்துவிடும். 1,100 டிகிரிக் குழம்பில் "உருகி வந்த" ஊதா என்று எவராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

நீல வில்லைகளுக்கு வருவோம். தக்காணத்து அகேட் பெரும்பாலும் சாம்பல், வெள்ளை, பழுப்பு, மிஞ்சினால் மங்கலான நீலச்சாயல். மயில்கழுத்து நீலம், கிளிப்பச்சை, ரோஜா நிறமெல்லாம் சாயத் தொட்டியில் வந்தவை. அகேட்டின் வரிகளுக்கிடையே நுண்துளைகள் வெவ்வேறு அளவில் இருப்பதால், சில வரிகள் சாயத்தை உறிஞ்சும், சில உறிஞ்சா. நடுவிலுள்ள குவார்ட்ஸ் படிகம் பெரும்பாலும் வெள்ளையாகவே நின்றுவிடும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இது பெருந்தொழிலாக வளர்ந்தது. சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பிறகு கந்தக அமிலத்தில் இட்டால் துளைக்குள் சர்க்கரை கரியாகிக் கறுப்பு அகேட் கிடைக்கும். இரும்பு உப்புகளைக் கொண்டு அதே துளைகளுக்குள் நீலத்தை உண்டாக்கலாம். இவை கல்லுக்குள்ளேயே உருவாகும் நிறங்கள் என்பதால் அசிட்டோனில் வராது. என் நீல வில்லைகளும் பஞ்சுச் சோதனையில் தேறிவிட்டன. பஞ்சில் நிறம் வந்தால் போலி என்று உறுதி. வராவிட்டால் எதுவும் உறுதியில்லை.

மஞ்சள் கொத்து இன்னும் நாசூக்கான ஏமாற்று. அது குவார்ட்ஸ்தான், நிறமும் சாயமன்று. செவ்வந்திக்கல் கொத்தைச் சூளையில் சுட்டு மஞ்சளாக்கிச் சிட்ரின் என்ற பெயரில் விற்பது உலகம் முழுவதும் நடக்கிறது. வெள்ளை அடிப்பாகமும் கருகிய ஆரஞ்சு நுனியும் கொண்ட, குட்டையான படிகங்கள் நெருங்கி நிற்கும் கொத்து என்றால் அது அநேகமாகச் சுட்ட செவ்வந்திக்கல்தான். குஜராத்தின் காம்பாத்தில் கல்லைச் சுட்டுச் சூதுபவளத்தின் (கார்னீலியன் என்னும் செந்நிறக் கால்செடனி) சிவப்பைக் கூட்டுவது மிகப் பழைய கைத்தொழில், அதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே வாங்குபவருக்கும் அது தெரியும். என்னிடம் இயற்கை நிறம் என்று சொல்லி, அதற்குரிய விலையை வாங்கினார்கள் என்பதே என் வழக்கு.

"குகைக்கு மேல எடுத்தது" என்பதும் நம்பத்தக்கதன்று. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அங்கே எவரும் கல் தோண்டி விற்க முடியாது. இந்தியாவின் பசால்டிலும் செவ்வந்திக்கல் கிடைக்கிறது என்றாலும், சந்தைக்குப் பேரளவில் வருவது பிரேசிலின் ரியோ கிராண்டி டோ சுல், உருகுவேயின் அர்த்திகாஸ் ஆகிய பகுதிகளின் எரிமலைப் பாறையிலிருந்துதான். வயதில் மட்டும் கடைக்காரர் குறைத்தே பொய் சொன்னார்; 6 கோடியை 50 லட்சமாக்கிய அந்தக் கணக்கு எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயன்று பார்த்தேன். தொலைபேசியில் பேசியவர், "பில்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தானே கொடுத்தோம்" என்றார். எடுத்துப் பார்த்தேன். "கல் - 3 வகை, ரூ. 5,100" என்று மட்டும் இந்தியில் எழுதியிருந்தது, அகேட் என்றோ செவ்வந்திக்கல் என்றோ ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பதால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தும் நான் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. நீங்கள் வாங்குவதாக இருந்தால், கல்லின் பெயர், இயற்கை நிறமா, சாயமேற்றியதா, சுட்டதா என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அலங்காரக் கண்ணாடிக்கு என்ன விலை கொடுப்பீர்களோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

திரும்பும் வழியில் தேநீருக்காக வண்டி நின்ற இடத்தில், சாலைப் பணிக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலிலிருந்து என் மகன் ஒரு பசால்ட் துண்டைப் பொறுக்கி வந்திருந்தான். அதில் பட்டாணி அளவுக் குமிழிக்குழி ஒன்று. லென்சில் வைத்தால், பச்சை நிற மெல்லிய பூச்சுக்கு உள்ளே சாம்பல் நிறக் கால்செடனி இரண்டு வரி, அதற்கும் உள்ளே ஊசிமுனை அளவு நிறமற்ற படிகங்கள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அதையும் சாயம் போன உருண்டைக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பாடம் நடத்தினேன்.