தீக்காயத் தழும்பு ஆபரேஷனை 'அழகு சிகிச்சை' என்று தள்ளினால் நம்பிவிடாதீர்கள்

வீட்டில் தீக்காயமோ விபத்தோ புற்றுநோயோ கடந்து வந்தவர் யாராவது இருந்தால், மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியும் இருந்தால், இதைப் படித்துவிடுங்கள். என் அக்காவின் கிளைமை ஒரு காப்பீட்டு நிறுவனம் தள்ளுபடி செய்த விதம் இது. பெயர் சொல்லவில்லை. எந்த நிறுவனத்திடமிருந்தும் இதே மாதிரிக் கடிதம் வரலாம், அதனால் முறையைத்தான் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குக் கழுத்திலும் மார்பின் மேல்பகுதியிலும் ஆழமான தீக்காயம். அப்போதைய ஆஸ்பத்திரிச் செலவை இதே நிறுவனம், இதே பாலிசியில், மறுபேச்சில்லாமல் கொடுத்தது. காயம் ஆறியபின் தோல் சுருங்கி இறுகத் தொடங்கியது. ஆழமான தீக்காயத்தில் இது அடிக்கடி நடப்பதுதான், கான்ட்ராக்சர் என்பார்கள். தாடை கொஞ்சம் கொஞ்சமாக மார்பை நோக்கி இழுபட்டது. அண்ணாந்து பார்க்க முடியாது. கீழுதடு இழுபட்டு வாய் முழுதாக மூடாது, எச்சில் வழியும். பக்கத்தில் கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, உடம்பையே திருப்ப வேண்டும். இப்படியே விட்டால், பின்னாளில் வேறு ஏதாவது ஆபரேஷன் என்று வரும்போது மயக்க மருந்துக்காகத் தொண்டைக்குள் டியூப் விடுவதே ஆபத்தாகிவிடும் என்றார் டாக்டர். இறுகிய தோலை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இதில் அழகு எங்கே வந்தது?

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் ஃபைலைத் திறக்கும் முன்பே, "பிளாஸ்டிக் சர்ஜரி கேஸா? வராது சார்" என்றார். சொன்னபடியே கேஷ்லெஸ் (நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி) மறுக்கப்பட்டது. கையிலிருந்த பணத்தைப் புரட்டிக் கட்டி ஆபரேஷனை முடித்தோம். அப்புறம் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போட்டோம். அதுவும் தள்ளுபடி. கடிதத்தில் காரணம் ஒரே வரி: அழகு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரிக்கும், தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்கும் பாலிசியில் இடமில்லை.

"விடுடா தம்பி, முதல் தடவை கொடுத்தாங்களே, அது போதும்" என்றாள் அக்கா. பாலிசி எடுத்துக் கொடுத்த ஏஜெண்டும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், கொஞ்சம் இனிமையாக.

பாலிசிப் புத்தகத்தை எடுத்து அந்த விலக்கை, அதாவது எதற்குப் பணம் வராது என்று சொல்லும் விதியை, படித்தபோதுதான் மோசடி தெரிந்தது. ஆமாம், மோசடி என்றுதான் சொல்வேன். விலக்குகளை எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் எழுத வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-லேயே வரையறுத்துவிட்டது. அழகு சிகிச்சைக்கான விலக்கு எண் 08. நிறுவனம் எங்களுக்கு எழுதியது அதன் முதல் பாதியை மட்டும். மீதிப் பாதி என்ன சொல்கிறது தெரியுமா? விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு இந்த விலக்கு பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கும் பொருந்தாது. அந்தத் தேவையைச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றியபின் செய்யும் மறுசீரமைப்பும் இதே வரியில்தான் வருகிறது. அதையும் 'காஸ்மெடிக்' என்று சொல்லித் தள்ளினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

இதை எழுதிக் கேட்டதற்கு அடுத்த ஆட்டம் ஆடினார்கள். "உடனடி ஆபத்து இருந்ததற்கு ஆதாரம் கொடுங்கள்" என்று பதில். உடனடி ஆபத்து என்பது இரண்டாவது வகைக்கான நிபந்தனை. தீக்காயத்துக்குப் பிந்தைய மறுசீரமைப்பு தனி வகை. இரண்டையும் கலந்து கேட்டால் நாம் குழம்பிப்போய் விட்டுவிடுவோம் என்ற கணக்குதான்.

இருந்தாலும் மருத்துவச் சான்று வாங்கி வைப்பது நல்லது. 'தழும்பு சரிசெய்தல்' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் மொட்டையாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். கழுத்து எத்தனை டிகிரி நிமிர்கிறது, வாய் மூடுகிறதா, எந்தத் தீக்காயத்தின் விளைவு இது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன் பக்கவாட்டுப் படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் கிடைக்காது. முதல் தீக்காய கிளைமின் எண்ணையும் சேர்த்துப் போட்டோம். இவர்களே பணம் கொடுத்த தீக்காயத்தை இவர்களே எப்படி மறுப்பார்கள்?

29 மே 2024 தேதியிட்ட ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் எந்த கிளைமையும் நிராகரிக்கக் கூடாது. எந்த விதியின்படி நிராகரிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கடிதத்தில் குழு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைக் கேட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதிந்தோம் (155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்). பழைய பதிலையே ஒட்டி அனுப்பினார்கள். சரி என்று காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போனோம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை விசாரிப்பார்கள். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் நிராகரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்காக இருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள்.

பிறவிக் குறைபாட்டுக்கான ஆபரேஷன் என்றால் கதை வேறு. உதட்டுப் பிளவு போன்றவற்றை 'வெளிப்புறப் பிறவிக் குறைபாடு' என்ற தனி வரியில் பல பாலிசிகள் ஒதுக்கி வைத்திருக்கும். பாலிசி எடுக்கும் முன்பே அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

ஆம்புட்ஸ்மேனிடமிருந்து விசாரணை அறிவிப்பு போன கையோடு நிறுவனத்திலிருந்து போன், குரலில் ஒரே தேன். ஆபரேஷன் தொகை வந்துவிட்டது. கழுத்து ஸ்ப்ளிண்ட்டை (கழுத்தை நிமிர்த்தித் தாங்கும் பட்டை) கழித்துவிட்டார்கள். அது பெரும்பாலான பாலிசிகளில் தராத பொருள் பட்டியலில் இருப்பதுதான், அதில் சண்டை போடவில்லை. தழும்பு தடிக்காமல் இருக்க மாதக்கணக்கில் போட வேண்டிய அழுத்த உடைக்கு மட்டும், டாக்டர் சீட்டுடன் பில் அனுப்பியும் இன்னும் பதில் இல்லை.