பரோலோவா, அமரோனேயா: எந்த உணவுக்கு எந்த ஒயின்?

இத்தாலியின் வலுவான சிவப்பு ஒயின்களைப் பற்றிப் பேசும்போது, பியட்மாண்டின் பரோலோவும் வெரோனாவை அடுத்த வல்போலிசெல்லாக் குன்றுகளின் அமரோனேயும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இரண்டும் வலுவானவைதாம். ஆனால் ஒன்றின் வலு துவர்ப்பிலும் மற்றதன் வலு வற்றிய பழத்தின் செறிவிலும் இருப்பதால், ஒன்றுக்குப் பொருந்தும் உணவு மற்றதற்கும் பொருந்தும் என்று எண்ணுவது சரியாகாது.

பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்னும் ஒரே திராட்சையிலிருந்து, ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளின் 11 ஊர்களில் மட்டும் தயாராவது. குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர்ந்த பின்னரே அது விற்பனைக்கு வரலாம் என்பது விதி. நிறம் வெளிறியிருப்பதால் மென்மையானது என்று எண்ணத் தோன்றும். ஒரு மிடறு பருகியதும் துவர்ப்பும் புளிப்பும் நாவை இறுக்கிப் பிடிக்கும். ரோஜாவும் தாரும் கலந்த அதன் மணம் வேறெதிலும் எளிதில் வாய்க்காதது.

அமரோனேயின் கதை அறுவடைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோர்வினா, கோர்வினோனே, ரொந்தினெல்லா ஆகிய திராட்சைகளின் குலைகளைக் காற்றோட்டமான பரண்களில் ஏறக்குறைய மூன்று, நான்கு மாதங்கள் உலர்த்துகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு வற்றிப்போக, எஞ்சும் சாற்றில் சர்க்கரை செறிகிறது; அது பெரும்பாலும் நொதித்துத் தீர்வதால் ஆல்கஹால் உயர்கிறது. சட்டம் கேட்பது 14 சதவீதமே என்றாலும், 15, 16 சதவீதப் புட்டிகள் சாதாரணம். உலர்ந்த அத்தி, செர்ரி, சாக்லேட் ஆகியவற்றின் சுவை ஓங்கிய, கனமான ஒயின் இது.

பரோலோவின் துவர்ப்புக்கு இறைச்சியின் புரதமும் கொழுப்பும் தேவை. துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து நாவை வறளச் செய்கிறது; உணவில் புரதமும் கொழுப்பும் இருக்கும்போது அது தணிகிறது. மாட்டிறைச்சியைப் பரோலோவிலேயே மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் பியட்மாண்டுச் சமையலுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. இலையுதிர்காலத்தில் ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் என்னும் நிலத்தடிப் பூஞ்சையை மெல்லிய சீவல்களாகத் தூவி, முட்டை மஞ்சள்கரு மிகுந்த ‘தயரின்’ என்னும் நூடுல்ஸை வெண்ணெயுடன் பரிமாறும்போதும் பரோலோ பொருந்தும். ஆனால் புட்டி பல ஆண்டு முதிர்ந்து, துவர்ப்பு அடங்கி, மண் வாசம் மேலெழுந்ததாக இருக்க வேண்டும். இளம் பரோலோவை ட்ரஃபிளுடன் வைப்பது இரண்டுக்குமே இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

அமரோனேக்கு அதன் செறிவைத் தாங்கும் உணவு வேண்டும். வெரோனாவில் வியலோனே நானோ அரிசியை அதே ஒயினில் வேகவைத்து ரிசோட்டோ செய்கிறார்கள். நெடுநேரம் கொதித்த குதிரை இறைச்சிக் குழம்பைப் பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களியுடன் உண்கிறார்கள். எனினும் அதன் முழு அழகும் வெளிப்படுவது நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியுடன்தான்: பர்மிஜானோ, முதிர்ந்த மொந்தே வெரோனேசே, உப்புத் தூக்கலான கோர்கோன்சோலா ஆகியவற்றின் உவர்ப்பு அந்தப் பழ இனிமையை இன்னும் தெளிவாக எடுத்துக் காட்டும்.

மீனுக்கு இரண்டும் ஆகா. மிளகாய்க் காரத்துக்கு அமரோனே அறவே ஆகாது. ஆல்கஹால் அந்த எரிச்சலை மேலும் மூட்டிவிடும்.

முழு விருந்துக்கும் ஒரே புட்டிதான் என்றால் நான் பரோலோவையே எடுப்பேன். அதன் புளிப்பு ஒவ்வொரு கவளத்துக்குப் பின்னும் வாயைத் துலக்குகிறது. அமரோனேயை விருந்தின் கடைசிப் பகுதிக்கு, சிறு அளவில், ஒதுக்குவது நல்லது. இரண்டின் விலையும் கைக்கு எட்டாதபோது, முன்னதற்கு ஈடாக லாங்கே நெபியோலோவையும், பின்னதற்கு ஈடாக, அமரோனே வடித்த சக்கையின் மீது மறுமுறை நொதிக்கவிட்ட வல்போலிசெல்லா ரிப்பாசோவையும் தயங்காமல் வாங்கலாம்.