பதினான்கு பேருக்கு மலைநாட்டில் தங்குமிடம்: ஹோட்டலா, ஸ்டோரா, துரை பங்களாவா?

சித்தப்பா டொரொன்டோவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார் என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, எல்லோரும் எங்கே படுப்பது என்பதுதான். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில் எங்கள் வீட்டில் இருப்பது மூன்று அறை. அப்பாயி, அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா வீட்டில் நான்கு பேர், எங்கள் வீட்டில் நான்கு பேர், அப்புறம் தங்கச்சி. ஆக பதினான்கு. மூன்று இரவு எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும், நல்ல இடமாக இருக்க வேண்டும், செலவில் பாதி என் பொறுப்பு என்று சித்தப்பா சொல்லிவிட்டார். மீதி வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மாதம் போன் பேசி, இரண்டு இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, நாங்கள் எடை போட்டதை எழுதுகிறேன். பெரிய குடும்பத்தோடு மலைக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

முதலில், எங்களுக்கு இதில் முன்னால் ஓர் அடி விழுந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஓர் ஹோட்டலில் இப்படித்தான் கூட்டமாகத் தங்கினோம். ஆறு அறைகள், மூன்று மாடிகளில் சிதறிக் கிடந்தன. அப்பாயி ஒரு மாடியில், மருந்துப் பை இன்னொரு மாடியில். காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் கூட்டிச் சேர்ப்பதற்குள் பத்து மணி. இரவில் பத்துப் பேர் ஓர் அறைக்குள் கட்டிலிலும் தரையிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், பக்கத்து அறைக்காரர் புகார் சொல்லி, ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார். அவர் மேல் பிழையில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் நாங்கள் ஒன்றாக இருந்தது வேனுக்குள் மட்டும்தான். அதனால் இந்த முறை நான் எல்லா இடத்திலும் கேட்ட முதல் கேள்வி: ராத்திரி பத்து மணிக்குப் பதினான்கு பேரும் ஒன்றாக உட்கார எங்கே இடம் இருக்கிறது? நட்சத்திரக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

நுவரெலியா கிராண்ட் ஹோட்டலை முதலில் எடுப்போம், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய மாளிகை, பிறகு 1890களில் ஹோட்டலாக மாறியது, இப்போது நூற்றைம்பதுக்கு மேல் அறைகள். முன்னால் புல்தரை, பூப்பாத்திகள், பக்கத்திலேயே கோல்ஃப் மைதானம். இதன் பெரிய பலம் ஊருக்குள் இருப்பது. விக்டோரியா பூங்காவுக்கும் 1894இல் கட்டிய சிவப்புத் தபாலகத்துக்கும் நடந்தே போகலாம், கிரகரி வாவிக்கு வேனில் சில நிமிடம். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம், அவர்களை அரை நாள் அவிழ்த்து விட்டுவிடலாம். மரக்கறி மட்டும் சாப்பிடும் பெரியம்மா மாதிரி ஆட்களுக்கும் கவலையில்லை, ஹோட்டல் வாசலிலேயே கிராண்ட் இந்தியன் என்று ஓர் உணவகம் இருக்கிறது, தோசையும் நான் ரொட்டியும் கிடைக்கும். ஆனால் என் முதல் கேள்விக்கு இங்கே நல்ல பதில் இல்லை. பெரிய கூடங்கள் இருக்கின்றன, கணப்பு எரிகிறது, எல்லாம் அழகு, ஆனால் அவை எல்லோருக்குமான கூடங்கள். அங்கே அப்பா லுங்கியோடு வந்து உட்கார மாட்டார். சித்தப்பா பாட ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்ல வேண்டி வரும்.

பக்கத்திலேயே ஹில் கிளப் இருக்கிறது, 1876இல் தொடங்கியது, அங்கேயும் அறை கிடைக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் ஆண்கள் கோட்டும் டையும் கட்ட வேண்டும் என்றதும் பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்தது கந்தப்பளையில் இருக்கும் ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை என்றால் ‘ஸ்டோர்’தான். ஹெத்தர்செட் தோட்டத்து ஸ்டோர் இது. 1970களில் வேலை நின்று, சும்மா கிடந்து, 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை, அதே கூட்டுக்குள்தான் அறைகளை வைத்திருக்கிறார்கள். கொழுந்து வாடப்போட்ட மேல்மாடிகளில்தான் இப்போது ஆட்கள் தூங்குகிறார்கள். ஸ்டோர்களில் ஏன் அத்தனை ஜன்னல் என்று பிள்ளைகள் கேட்டால் இங்கே காட்டிச் சொல்லலாம்: பறித்த கொழுந்தை மேல்மாடியில் பரப்பி, காற்றை ஓடவிட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட விடுவார்கள், ஈரம் இறங்கினால்தான் ரோலரில் முறுகும், இல்லாவிட்டால் நசுங்கிக் கூழாகிவிடும். அதற்காகத்தான் அந்த வரிசை வரிசையான ஜன்னல்கள். பழைய இயந்திரங்களையும் வைத்திருக்கிறார்கள், பழைய ரயில் பெட்டி ஒன்றை உணவகமாக்கியிருக்கிறார்கள்.

போன வருடம் அப்பாயியையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போனோம். பெரியப்பா முப்பது வருடம் ரோலரில் வேலை செய்தவர். உள்ளே நுழைந்ததும் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை, இயந்திரத்துப் பக்கம் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அங்கே விருந்தினர்கள் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்து பறித்துப் பார்க்கலாம். என் மகள் ஆசையாகப் போனாள். அப்பாயி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் பொறுக்க முடியாமல் செடிக்குப் பக்கத்தில் போய், “நகத்தால கிள்ளாதம்மா, ஒடி” என்று சொல்லி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு இலைக்கும் மொட்டுக்கும் கீழே கொடுத்து ஒரு திருப்பு. டக் என்று ஒரு சின்னச் சத்தம். எண்பத்திரண்டு வயது. அந்த நிமிடம் மட்டும் கை நடுங்கவில்லை.

அதற்காகவே அந்த இடத்தை எனக்குப் பிடிக்கும். தோட்டத்து வேலை என்றால் என்ன என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் காட்ட, சொல்லித்தர உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தால், இதைவிட நல்ல இடம் மலைநாட்டில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்று இரவுக்கு? யோசிக்க வேண்டும். நுவரெலியாவே 1868 மீட்டர் உயரம், கந்தப்பளையில் இந்த ஹோட்டல் அதைவிட மேலே, இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டி. ஜனவரி, பெப்ரவரியில் இந்தப் பக்கம் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி கிடக்கும். மூட்டுவலிக்காரருக்கு மூன்று இரவு அது கஷ்டம். ஊரிலிருந்து தள்ளி இருப்பதால் ஒவ்வொரு முறையும் வேனை எடுக்க வேண்டும். அறைகள் இங்கேயும் தனித்தனிதான். பார்த்தே ஆக வேண்டிய இடம், ஆனால் எங்களுக்கு அது ஒரு பகலுக்கு.

அப்புறம் துரை பங்களாக்கள், அதாவது தோட்டத்தை நடத்திய துரைமார் குடியிருந்த வீடுகள். இதில் உச்சியில் இருப்பது சிலோன் டீ ட்ரெயில்ஸ். டில்மா தேயிலைக் குடும்பத்துடையது, 2005இல் தொடங்கியது, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் ஐந்து துரை பங்களாக்கள்: காசல்ரீ, சம்மர்வில், நோர்வூட், டின்ட்சின், டன்கெல்ட். டின்ட்சின் 1888இல் கட்டியது. ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஆறு அறைகள்தான், சமையற்காரர், பட்லர் எல்லாம் உண்டு, சாப்பாடும் குடிவகையும் வாடகைக்குள்ளேயே அடக்கம், விடியற்காலையில் தேத்தண்ணி அறைக்கே வரும். ஒரு பங்களாவின் எல்லா அறைகளையும் நீங்களே எடுத்துவிட்டால் கூடம், கணப்பு, வராந்தா, தோட்டம் எல்லாம் உங்களுக்கு மட்டும். என் முதல் கேள்விக்கு இதுதான் முழுப் பதில். ஆனால் ஓர் அறைக்கே ஓர் இரவுக்குப் பல நூறு டாலர் ஆகும், அதை ஐந்தாலும் மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள். ஒரு கல்யாணத்தின் சாப்பாட்டுச் செலவு. ஐம்பதாவது கல்யாண நாள் மாதிரி ஒன்று இருந்து, நாலு வெளிநாட்டுக் குடும்பங்கள் பங்கு போட்டால் தயங்காமல் அங்கே போங்கள்.

இதே பள்ளத்தாக்கில், இதே நீரைப் பார்த்துக்கொண்டு, முழுதாக வாடகைக்குக் கிடைக்கும் வேறு பங்களாக்களும் இருக்கின்றன. சில தனியார் ஹோட்டல் குழுமங்களுடையவை, சில தோட்டக் கம்பனிகளே விடுபவை. பட்லர் இருக்க மாட்டார், சமையற்காரர் இருப்பார். குளிக்கும் தொட்டி பழையதாக இருக்கும். ஆனால் வாடகை வீட்டுக்குத்தான், தலைக்கு அல்ல, அதைப் பதினான்கால் வகுத்தால் நுவரெலியா ஹோட்டலில் ஐந்து அறை எடுப்பதைவிடக் கணிசமாகக் குறைவு. உயரமும் ஆயிரத்து இருநூறு மீட்டர் சுமார்தான், இரவில் ஒரு கம்பளி போதும். நாங்கள் இதைத்தான் எடுத்தோம். ஐந்து அறை. அப்பாயியோடு தங்கச்சியும் சித்தப்பா மகளும், மற்ற நான்கு அறைக்கு நான்கு சோடி, சின்னவர்களுக்கு மேலதிகக் கட்டில்.

பருவத்தைப் பார்க்காமல் இந்தப் பக்கம் பதிவு செய்யாதீர்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம்தான் கொட்டும், அப்போது வராந்தாவில் உட்கார்ந்து வெள்ளைச் சுவரைப் பார்ப்பது மாதிரி பனிமூட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். அதே மாதங்களில் வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வெயில் அடிக்கும், அதனால் ஓகஸ்ட் லீவுக்கு வருகிறவர்கள் ஊவாப் பக்கம் பங்களா தேடுவது நல்லது. எங்களுக்குச் சித்தப்பா பெப்ரவரியில் வந்தது வசதியாகப் போயிற்று. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை சீசன், நீள வார விடுமுறைகளில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகும் பாதை முழுக்க பஸ்தான், அந்த நாட்களைத் தவிருங்கள். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகவே வேண்டாம் என்பேன், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தவிர.

பணம் பற்றி இரண்டு விஷயம். போனில் சொல்லும் விலை வரியோடா வரி இல்லாமலா என்று கேளுங்கள். பத்து வீதம் சேவைக் கட்டணமும் அதற்கு மேல் பதினெட்டு வீத வற்வரியும் சேர்ந்தால் பில் வேறு முகத்தோடு வரும். உள்ளூர்க்காரருக்குப் பெரும்பாலான ஹோட்டல்களில் தனி விலை உண்டு, அடையாள அட்டை காட்ட வேண்டும். எங்களைப் போல அடையாள அட்டையும் கனடா பாஸ்போட்டும் கலந்த கூட்டமென்றால் யார் யாருக்கு என்ன விலை என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள், கடைசி நாள் வாசலில் நின்று கணக்குப் பார்ப்பது நன்றாக இருக்காது.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் படிகளை எண்ணுங்கள். இதை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள். மலையில் கட்டிய வீடுகளில் வேன் நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு இருபது முப்பது படி இருப்பது சாதாரணம், மழையில் பாசி வேறு. நாங்கள் பார்த்த முதல் பங்களா மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது, இருபத்தாறு படி, கைப்பிடி கிடையாது. விட்டுவிட்டோம். இரண்டாவதில் வேன் வாசல் வரை போனது, நான்கே படி, அகலமானவை. குளியலறைக் கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்பதையும் பாருங்கள். வயதானவர் உள்ளே விழுந்தால், உள்ளே திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று சித்தி கேட்டார். ஹோட்டலில் இருப்பது போல விளையாட்டு அறை இல்லை, இணையம் மழை பெய்தால் போய்விடும். முதல் நாள் சித்தப்பா மகன் முகம் கொஞ்சம் தொங்கித்தான் இருந்தது. இரண்டாம் நாள் சமையற்கார அண்ணனோடு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் ராத்திரி கணப்பைச் சுற்றி அத்தனை பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது மணி ஒன்றரை, கதவைத் தட்ட யாரும் வரவில்லை.

போய்ச் சேர்ந்த நாள் அப்பாயி வேனைவிட்டு இறங்கி, பழக்கத்தில் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடக்க ஆரம்பித்தார். அவர் கொழுந்தெடுத்த காலத்தில் பங்களாவுக்குப் போனதெல்லாம் குசினி வாசலோடு சரி. அப்பா ஓடிப் போய்க் கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டி வந்தார். நான்கு படி ஏறி, வராந்தாவில் இருந்த பெரிய பிரம்பு நாற்காலியைக் கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். சமையற்கார அண்ணன் வந்து, “அம்மா, ராவைக்கு என்ன சமைக்கட்டும்?” என்று குனிந்து கேட்டார். அப்பாயி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் போடுப்பா, தேத்தண்ணி சாயம் தூக்கலா இருக்கட்டும்” என்றார்.