‘ஓட விட்டால் திறந்துகொள்ளும்’ என்று சொல்லிக் கெடுவைக் கடத்தும் இன்-இயர் மானிட்டர் விற்பனை: ஓர் எச்சரிக்கை

காதின் வடிவத்தை அச்சு எடுத்துச் செய்து தரப்படும் உயர் ரக இன்-இயர் மானிட்டர் (மேடையில் தன் குரலையும் இசையையும் கேட்கக் காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மேடையில் பாடுவதற்கும், ஓய்வு நேரத்தில் பாட்டு கேட்பதற்கும், கேம் விளையாடுவதற்கும் இது ஒன்றே போதும் என்று உறுதி சொல்லி விற்ற ஒரு விற்பனையாளர், காதில் பொருந்தாத ஷெல்லை, அதாவது காதுக்குள் உட்காரும் வெளிக்கூட்டை, எனக்குக் கொடுத்தார். இலவசமாகத் திருத்தித் தரவேண்டிய 30 நாள் கெடு முடியும் வரை வெவ்வேறு சாக்குகளைச் சொல்லி இழுத்தடித்தார். கெடு முடிந்ததும், திருத்த வேண்டுமானால் முழுக் கட்டணம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார். அவர் சொன்ன சாக்குகள் கேட்பதற்கு நியாயமான தொழில்நுட்ப விளக்கங்கள் போலவே இருக்கும் என்பதால்தான் அவற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கோளாறு அச்சு எடுக்கும்போதே தொடங்கிவிட்டது. பாடகர்களுக்கு அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்த நிலையில் வைத்திருக்க, பற்களுக்கு இடையே ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறுகிறது என்பதே அதற்குக் காரணம். வாயை மூடியபடி எடுத்த அச்சில் வார்த்த ஷெல், சும்மா உட்கார்ந்து கேட்கும்போது பொருந்தியிருந்து, வாயைத் திறந்து பாடும்போது இடைவெளி விட்டுவிடும். அத்துடன், அச்சுக் குழம்பு காதுக் குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். செவிப்பறையைக் காக்க அதற்கும் உள்ளே ஒரு சிறு பஞ்சு அடைப்பை முதலில் வைப்பார்கள். எனக்கு அச்சு எடுத்தவர் செவித்திறன் நிபுணர் அல்லர், விற்பனையாளரின் உதவியாளர். கடிக்கக் கட்டை கொடுக்கவில்லை. நான் பாடகன் என்பது ஆர்டர் படிவத்திலேயே எழுதப்பட்டிருந்தும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார்.

கருவி கைக்கு வந்தபின் முதல் ஒத்திகையிலேயே குறை தெரிந்தது. பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இடது காதில் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஓர் அகாரத்தை வாய் நிறையத் திறந்து பிடித்தால் இரண்டும் அப்படியே வற்றிப்போகும். வாயை மூடினால் திரும்பி வரும். காதுக்குள் அடைபட்ட அந்தச் சிறு காற்றறை முழுமையாக மூடியிருந்தால்தான் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு அழுத்தம் கிடைக்கும்; மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் முதலில் போவது பேஸ்தான். ஷெல் ஆழமாக உள்ளே போகாததால், வாயை மூடி முனகும்போது என் குரலே தலைக்குள் கும்மென்று முழங்கியது. ஒரே பாட்டுக்குள் இந்த இரண்டு நிலைகளும் மாறி மாறி வந்தால் சுருதியையும் தாளத்தையும் பிடித்து நிற்பது எவ்வளவு கடினம் என்பது மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

உடனே விற்பனையாளரிடம் சொன்னேன். கருவிக்குள் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர், பாட்டை ஓட விட ஓட விட இளகிச் சரியாகும் என்பது அவர் வாதம். “புது டிரைவர் அப்படித்தான் சார் இருக்கும். நூறு மணி நேரம் ஓட விடுங்கள், தானாகத் திறந்துகொள்ளும்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நண்பர்கள் கவனமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் ஓட விட்டால், நூறு மணி நேரத்துக்கே கெடுவில் 25 நாள் போய்விடும். அந்த விளக்கம் பொருந்துமா என்பதை அரை நிமிடத்தில் சோதித்துவிடலாம். பேஸ் குறைவாகக் கேட்கும்போது ஷெல்லை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் வந்து, விட்டவுடன் போனால், குறை டிரைவரில் இல்லை, பொருத்தத்தில்தான் இருக்கிறது. ஓடாத டிரைவர் விரல் பட்டவுடன் ஓடிப் பழகிவிடாது. இதை அப்படியே எடுத்துச் சொன்னேன், அழுத்தும்போதும் விடும்போதும் ஏற்படும் வேறுபாட்டை விளக்கினேன். பதிலாக, “காதும் பழக வேண்டும்” என்றார்.

அடுத்த சாக்கு கேபிள். கூட வந்த கேபிள் சாதாரணமானது, 4.4 மில்லிமீட்டர் முனை கொண்ட பேலன்ஸ்டு கேபிளுக்கு (இரு காதுகளுக்கும் தனித்தனிக் கம்பி இணை செல்லும் வகை) மாறினால் பேஸ் இறுக்கமாகும் என்று சொல்லி, அதையும் தனி விலைக்கு விற்கப் பார்த்தார். ஒலியைக் கம்பியில்லாமல் வாங்கிக் காதுக்குத் தரும், மேடையில் இடுப்பில் செருகிக்கொள்ளும் ரிசீவர்களில் இருப்பது 3.5 மில்லிமீட்டர் துளை, 4.4 முனை அதில் நுழையவே நுழையாது. மேடைக்கென்றே வாங்குகிறேன் என்று சொன்னவருக்கு மேடையில் செருக முடியாத கேபிளை விற்க முயன்றதை நான் அறியாமையாக எடுத்துக்கொள்ளவில்லை. கேபிள் மாற்றி ஷெல்லின் இடைவெளியை அடைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மூன்றாவதாக, எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் ஒரு வரைபடத்தை அனுப்பினார். தாழ்ந்த அதிர்வெண்கள் அனைத்தும் அதில் தாராளமாக இருந்தன. அத்தகைய வரைபடங்கள் காதுக் குழாயைப் போலச் செயல்படும்படி செய்யப்பட்ட ஓர் உலோக அளவுக் குழாயில், கசிவே இல்லாமல் முழுமையாக அடைத்து எடுக்கப்படுபவை. கருவி என்ன செய்ய வல்லது என்பதை அவை சொல்லும். என் இடது காதில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்லா. பொருத்தத்தைப் பற்றிய புகாருக்கு வரைபடத்தைப் பதிலாக நீட்டுபவர் பேச்சை மாற்றுகிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படியே கெடு முடிந்தது. அதன்பின் வந்த பதிலில் ஓட விடுவதும் இல்லை, காது பழகுவதும் இல்லை. “பொருத்தம் தொடர்பான புகார்களுக்கு 30 நாள் மட்டுமே” என்ற ஒற்றை வரிதான் இருந்தது. முதல் வாரத்திலேயே நான் தெரிவித்த குறையை அவர் பொருத்தப் புகாராகப் பதிவே செய்யவில்லை, ‘ஒலித்தன்மை குறித்த சந்தேகம்’ என்று எழுதி வைத்திருந்தார். எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். குறையை மறுக்காமல், அதன் பெயரை மாற்றிப் பதிந்தே கெடுவைத் தின்றிருக்கிறார்.

பிறகு ஒரு செவித்திறன் நிபுணரிடம் போய் வாயைத் திறந்த நிலையில் புதிதாக அச்சு எடுத்துக்கொண்டேன். புதிய அச்சையும் பழைய ஷெல்லையும் அவர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அச்சின் முனை இரண்டாவது வளைவைத் தாண்டித் திரும்பியிருந்தது. ஷெல்லின் முனையோ அந்த வளைவுக்கு முன்பே மொட்டையாக முடிந்திருந்தது. டிரைவர்களைக் கழற்றிப் புது ஷெல்லில் வைத்துத் தரும் வேறொரு கூடத்தில் கொடுத்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. 12 டிரைவர் என்று விளம்பரப்படுத்தி விற்றதில் ஒரு காதுக்கு 6 மட்டுமே இருந்தன. இரு காதுகளையும் கூட்டித்தான் 12 என்றிருக்கிறார்கள். எண்ணிக்கையைச் சொல்லும்போது ஒரு பக்கத்துக்குச் சொல்வதே இந்தத் துறையின் வழக்கம். எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்பதும் உண்மை இல்லை. 1991இல் வந்து இன்றும் மதிக்கப்படும் எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்-4 இயர்போனில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (காந்தங்களுக்கு இடையே அசையும் சிறு உலோக நாக்கால் ஒலி எழுப்பும் வகை) டிரைவர்தான்.

புது ஷெல் வந்தபின் பேஸ் போகாமல் நிலைத்து நின்றது. ஆனால், ‘எல்லாவற்றுக்கும் ஒன்றே’ என்ற வாக்குறுதியையும் அதற்குப் பிறகுதான் நியாயமாக எடைபோட முடிந்தது. மேடையில் எனக்கு வேண்டியது என் குரலும் தாளமும் தனித்தனியாகத் தெரிவது. பாட்டு கேட்கும்போது வேண்டியது சமனும் இதமும். கேமில், வெடிச் சத்தத்தின் அடியில் காலடி ஓசை புதையாமல் இருப்பது. ஒரே ஒலி அமைப்பு மூன்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகலாம், சிறப்பாக ஒத்துப்போகும் என்பது விற்பனைப் பேச்சு. கேமிங்குக்கு என்று அவர் சொன்ன ‘சரவுண்ட்’ கருவிக்குள் எங்குமே இல்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற உணர்வை உண்டாக்குவது கேமில் உள்ள மென்பொருள். நல்ல ஸ்டீரியோ இயர்போன் எதுவும் அதைக் கொண்டுவந்து சேர்க்கும். புளூடூத் அடாப்டர் ஒன்றையும் சேர்த்து விற்கிறார்கள். வழக்கமான புளூடூத்தில் ஒலி 100 மில்லி விநாடிக்கு மேல் பிந்துவது சாதாரணம் என்பதால், மேடைக்கும் உதவாது, வேகமான கேமுக்கும் உதவாது.

வாங்குமுன் யாரும் சொல்லித் தராத இன்னொன்று, இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை (அலகு ஓம்). பல ஆர்மேச்சர்கள் கொண்ட கருவிகளில் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும். ரிசீவரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் கூடுதலாக இருந்தால் கருவியின் ஒலித்தன்மையே மாறிவிடும். கருவியினுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 16 ஓம் கருவிக்கு 2 ஓம். கடையில் விலை உயர்ந்த பிளேயரில் கேட்டுப் பிடித்துப்போனது உங்கள் ரிசீவரில் வேறு மாதிரி ஒலிக்கக்கூடும். ஆகவே சொந்த ரிசீவரை எடுத்துப்போய் அதில் செருகிக் கேளுங்கள், மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

பணத்தைவிட எனக்கு வருத்தம் தந்தது காது. நல்ல பொருத்தம் உள்ள அக்ரிலிக் ஷெல் வெளிச் சத்தத்தைச் சுமார் 25 டெசிபல் வரை தடுக்கும். கசியும் ஷெல்லில் மேடைச் சத்தம் உள்ளே வருகிறது, பேஸ் வெளியே போகிறது, இரண்டையும் ஈடுகட்டக் கை தானாக ஒலியளவை ஏற்றுகிறது. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதாவது 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அந்த ஷெல்லோடு பாடிய நிகழ்ச்சிகளுக்குப் பிறகு இடது காதில் ரீங்காரம் கேட்டபடியே தூங்கப் போயிருக்கிறேன். பொருந்தாத ஷெல்லைக் கொடுத்துவிட்டு ‘பழகிவிடும்’ என்பவர் காதுக்குக் கேடு செய்கிறார்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அச்சைச் செவித்திறன் நிபுணர் எடுப்பாரா, வாய் திறந்த நிலையில் எடுப்பாரா, ஒரு பக்கத்துக்கு எத்தனை டிரைவர், திருத்தக் கெடு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, கெடுவுக்குள் புகார் கொடுத்துவிட்டால் திருத்தம் முடியும் வரை கெடு நிற்குமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவி வந்த அன்றே 50 ஹெர்ட்ஸ் தொனியை மெல்லிய அளவில் ஓட விட்டு, வாயைத் திறந்து மூடுங்கள், தலையை இரு பக்கமும் திருப்புங்கள், சிரித்துப் பாருங்கள். தொனி எங்காவது மெலிந்தால் அன்றே மின்னஞ்சலில், ‘பொருத்தக் குறை’ என்ற அதே சொல்லை எழுதி, எந்தக் காது, எந்த அசைவு என்று குறிப்பிட்டுத் திருத்தம் கேளுங்கள். ஓட விடச் சொல்லிப் பதில் வந்தால், ஓட விட்டுக்கொண்டே இருக்கும்போதும் இந்தப் புகார் நிலுவையில் இருப்பதாகவும், கெடுவுக்குள் வந்ததா என்பது இந்தப் புகாரின் தேதியை வைத்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் மறுமொழி எழுதி, அதற்கு அவர்கள் தரும் ஒப்புதலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.