நாய்க்குட்டிக்கான மடிப்புக் கம்பிவேலி: மூன்று வாரப் பாவனைக்குப் பின்

காலையில் வீட்டார் வயலுக்கும் பாடசாலைக்கும் போய்விடுவதால் இரண்டரை மாதக் குட்டியைத் தனியே விடவேண்டியிருந்தது. அதற்காகக் கிளிநொச்சியில் ஒரு கடையில் எட்டுத் தட்டிகள் கொண்ட இந்த மடிப்புக் கம்பிவேலியை வாங்கினேன். அந்த வயதுக் குட்டியால் இரண்டு, மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஆகவே, படுக்கச் சாக்கும் தண்ணீர்ச் சட்டியும் வைத்த பின்னரும் மூலையில் பழைய பத்திரிகை விரிக்க இடமிருப்பது, ஒடுங்கிய கூட்டில் கிடைக்காத வசதி.

குறை கம்பிகளின் இடைவெளியில் இருக்கிறது. இரண்டாம் நாளே குட்டி தலையை நுழைக்க, கழுத்துப்பட்டியின் வளையம் கம்பியில் கொழுவிக்கொண்டது. அது கத்திய சத்தம் படலையடிவரை கேட்டது. அன்றிலிருந்து பட்டியைக் கழற்றிய பின்னரே உள்ளே விடுகிறேன், அடிப்பாகத்தைச் சுற்றிக் கோழிவலையும் கட்டியிருக்கிறேன். கொடுத்த விலைக்கு இதைச் செய்தவர்களே நெருக்கமாகச் செய்திருக்கலாம்.

தாழ்ப்பாள் உறுதியானது. மேற்புறம் திறந்திருப்பதால் முற்றத்தில் வைக்க இது ஏற்றதன்று. வன்னி வெயிலில் தகரக் கூரையின் கீழும் வேண்டாம். ஓட்டு விறாந்தையில், மின்வயர் எட்டாத சுவரோரம் வைத்திருக்கிறேன். உயரம் 24 அங்குலம்தான். குட்டி இப்போதே முன்கால்களை மேற்கம்பியில் வைத்து எட்டிப்பார்க்கிறது.